ஆசிலோஸ்கோப்புக்குள் இருந்த பழைய கம்ப்யூட்டரை மாற்றிய கதை

கோயம்புத்தூர் பக்கம் மோட்டார் டிரைவ் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்று. அவர்களிடம் 2003 வாக்கில் வந்த நான்கு சேனல் ஆசிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் அளவுக் கருவி) இருக்கிறது, 1 ஜிகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் இங்கே வேண்டாம், ஏனென்றால் அந்தக் காலத்தில் வந்த இந்த வகைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் எக்ஸ்பி வர நான்கு நிமிடம், அதற்கப்புறம் ஸ்கோப் மென்பொருள் எழுந்து நிற்க இன்னும் இரண்டு. சில நாள் வரவே வராது. மூன்று தடவை அணைத்துப் போட்டால் வரும். தேதி எப்போது பார்த்தாலும் 2001 ஜனவரி 1. ஒரு அலைவடிவத்தைப் பென் டிரைவில் ஏற்றக் கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம். "சார், உள்ள இருக்கிற கம்ப்யூட்டரை மட்டும் புதுசா மாத்திக் குடுத்துருங்க, மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு" என்றார் அங்கே லேபைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. வேகமாக அலை வரும் என்றும் எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்பை முதலிலேயே கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது.

இந்தப் பெட்டிகளில் கம்ப்யூட்டர் ஒரு குமாஸ்தா மாதிரி. சிக்னலை வாங்குவது, அட்டனுவேட்டரில் அளவாக்குவது, ட்ரிகர் (எந்த நொடியில் அலையைப் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனை) பார்ப்பது, விநாடிக்குக் கோடிக்கணக்கில் மாதிரி எடுத்து மெமரியில் அடுக்குவது எல்லாம் தனி அக்விசிஷன் போர்டின் வேலை. எல்லாம் முடிந்த பிறகுதான் தரவு ஒரு பிசிஐ கார்டு (மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் அட்டை) வழியாக மதர்போர்டுக்கு வரும், அது திரையில் வரைந்து, அளவு கணக்கிட்டு, ஃபைலில் எழுதும். 90-களின் நடுப்பகுதி வரை இந்தக் குமாஸ்தா வேலையையும் கம்பெனிகள் தாங்களே செய்த போர்டில், மோட்டரோலா 68000 குடும்பத்துச் செயலி போன்றவற்றை வைத்துத்தான் செய்தன. 1997-இல் எச்பி தன் இன்ஃபினியம் வரிசையை விண்டோஸ் 95-உடன் இறக்கியது. டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ்7000 விண்டோஸ் 98-உடன் வந்தது, லெக்ராய் வேவ்மாஸ்டர் விண்டோஸ் 2000-உடன். பிரிண்டர், நெட்வொர்க், மவுஸ் எல்லாம் சும்மா கிடைத்தன. கூடவே பிசியின் ஆயுளும் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அனலாக் பகுதி இருபது வருடம் அசராமல் ஓடும்; ஹார்ட் டிஸ்க்கும் மதர்போர்டு கெபாசிட்டரும் ஓடாது.

வேகக் கணக்கையும் போட்டுக் காட்டினேன். 32 பிட், 33 மெகாஹெர்ட்ஸ் பிசிஐ பஸ் ஏட்டளவில் விநாடிக்கு 133 மெகாபைட். நான்கு சேனலிலும் பத்து லட்சம் மாதிரி, மாதிரிக்கு ஒரு பைட் என்றால் 4 மெகாபைட், அதை இழுக்க 30 மில்லி விநாடி. இது ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் இன்னும் கூடும். ஆக, செயலியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் குழாய் அதே குழாய்தான். எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு), ஃபில்டர் மாதிரிக் கணக்குகள் வேகமாகும், மெனு வேகமாகும், ஃபைல் சேமிப்பது வேகமாகும். விநாடிக்கு எத்தனை அலை பிடிக்கிறது என்பது பெரிதாக மாறாது. "அப்ப பூட் மட்டும் வேகமானாலே போதுங்க சார்" என்றார். சரி.

பெட்டியைத் திறந்ததும் ஸ்க்ரூடிரைவரோடு மதர்போர்டுக்குப் போகாமல் டிஸ்க்கைத்தான் முதலில் கழற்றினேன். 20 ஜிபி ஐடிஇ டிஸ்க் (சாட்டாவுக்கு முந்தைய பழைய இணைப்பு வகை), அதில்தான் ஸ்கோப் மென்பொருள், டிரைவர்கள், ஆப்ஷன் லைசென்ஸ் ஃபைல், பயனர் கேலிப்ரேஷன் எண்கள் எல்லாம். இந்த மாடலில் தொழிற்சாலையில் எழுதிய எண்கள் அக்விசிஷன் போர்டின் ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகச் சிப்) இருந்தன, நல்ல வேளை; ஆனால் செல்ஃப்-கால், அதாவது பெட்டி தன்னைத்தானே அளவு சரிசெய்துகொள்ளும் சோதனையின் முடிவுகள் டிஸ்க்கில். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் ரெகவரி சிடி தொலைந்திருக்கும், இங்கேயும் தொலைந்திருந்தது. டிஸ்க் போனால் மென்பொருள் போச்சு, மென்பொருள் போனால் மிச்சமிருப்பது விலையுயர்ந்த அலமாரி.

லினக்ஸ் மெஷினில் மாட்டி, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ மென்பொருளை ஓட்டினேன். சாதாரண நகல் மென்பொருள் கெட்ட செக்டரில் முட்டி நின்றுவிடும் அல்லது அங்கேயே மணிக்கணக்கில் தலையை மோதும். இது முதல் சுற்றில் நல்ல இடங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். அதுவும் லாக் ஃபைலோடு, நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஏழு செக்டர் வரவில்லை. எந்த ஃபைல் என்று பார்த்தால் ஆறு ஹைபர்னேஷன் ஃபைலிலும் ஒன்று விண்டோஸ் உதவிப் பக்கத்திலும். இதைவிட அதிர்ஷ்டம் கேட்க முடியாது. டிஸ்க்கின் முழு நகலான அந்தப் படிமத்தை இரண்டு இடத்தில் போட்டுவைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மதர்போர்டு, பென்டியம் 3 காலத்து மைக்ரோ ஏடிஎக்ஸ், இன்டெல் 815 சிப்செட், ரேம் 256 எம்பி. செயலியைச் சுற்றிக் கெபாசிட்டர்கள் நான்கு தலை வீங்கி, ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான மதர்போர்டுகளில் இந்தக் கெபாசிட்டர் வியாதி உலகம் முழுக்கப் பேர் போனது, எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாமல் உள்ளே வாயு சேர்ந்து வீங்கும். காலையில் எழ மறுத்ததற்குக் காரணம் இதுதான்: குளிர்ந்திருக்கும்போது இஎஸ்ஆர் (கெபாசிட்டரின் உள் மின்தடை) இன்னும் கூடிவிடும், இரண்டு மூன்று தடவை சுவிட்ச் போட்டால் கொஞ்சம் சூடேறி உயிர் வரும்.

வீங்கிய நான்கையும் 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் வகையால் மாற்றினேன். சிஆர்2032 பேட்டரி மாற்றினேன். ரேமை 512 எம்பி ஆக்கினேன், 815 சிப்செட் அதற்கு மேல் தாங்காது. டிஸ்க்குக்குப் பதில் சிறிய எஸ்எஸ்டி, சாட்டாவிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றும் சின்ன அடாப்டரோடு. எக்ஸ்பி தன் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் தொடங்கும் பழக்கம் உள்ளது, எஸ்எஸ்டி-யின் 4 கேபி பக்கங்களோடு அது ஒத்துப்போகாது, அதனால் பார்ட்டிஷனை 2048-ஆவது செக்டருக்கு நகர்த்தினேன். எக்ஸ்பி-க்கு டிரிம் (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டி-க்குச் சொல்லும் கட்டளை) தெரியாது என்பதால் எஸ்எஸ்டி-யில் பாதியைத் தொடாமல் காலியாக விட்டேன். ஆன் செய்ததிலிருந்து அலை வரும் வரை ஒன்றே முக்கால் நிமிடம். ஒரே தடவையில் எழுந்தது, தேதி நின்றது.

இங்கேயே நிறுத்திவிடலாம் என்றேன், அவர்களும் சரி என்றார்கள். இப்படிப்பட்ட வேலை கேட்டு யார் வந்தாலும் நான் சொல்வது இதைத்தான், பத்தில் ஏழெட்டுப் பெட்டிக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. ஆனால் நான் ஒரு இடத்தில் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தேன். அதே வரிசையில் வீங்காமல் பார்க்க நன்றாக இருந்த மூன்று கெபாசிட்டரை, அதே பிராண்டு என்று தெரிந்தும், அப்படியே விட்டிருந்தேன். பதினாறாம் நாள் போன் வந்தது. பெட்டி செத்துவிட்டது, ஃபேன் ஒரு துடி துடித்து நிற்கிறது. போய்ப் பார்த்தால் செயலிக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட், அது போகும்போது செயலியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஒரே கூட்டத்தில் நாலு பேர் கெட்டுப்போனால் மிச்சம் மூன்று பேரை எதற்கு நம்பினேன் என்று இப்போதும் எனக்குக் கோபம்தான். மூன்று கெபாசிட்டர், அரை மணி நேர சால்டர் வேலை.

ஆக, முதலில் தம்பி கேட்டபடி மதர்போர்டு மாற்றுவதைத் தவிர வழியில்லாமல் போனது.

எந்த போர்டு என்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது, கழற்றி மாட்டுவது ஒரு மதிய வேலை. இந்தப் பெட்டியில் இரண்டு பிசிஐ கார்டு: ஒன்று அக்விசிஷன் போர்டோடு பேசும் இடைமுகக் கார்டு, இன்னொன்று முன்பக்க எல்சிடி-யை ஓட்டும் டிஸ்பிளே கார்டு. இரண்டுக்கும் தகர அடைப்பில் குறித்த இடம் உண்டு, கேபிள்கள் குட்டை, ஒரு ஸ்லாட் தள்ளிப் போட்டாலும் எட்டாது. ஸ்லாட்டுகளுக்கு இடையே 20.32 மில்லிமீட்டர் என்பது நிர்ணயமான அளவு என்பதால் எண்ணிப் பார்த்தால் போதும்: மைக்ரோ ஏடிஎக்ஸின் நான்கு இடத்தில் கடைசி இரண்டும் பிசிஐ ஆக இருக்க வேண்டும்.

புதிய போர்டுகள் இங்கேயே அடிபட்டுப் போகும். சாதாரண பிசி-க்கான இன்டெல் சிப்செட்டுகளில் 2011-இல் 6 வரிசை வந்தபோது பிசிஐ நேரடியாக இல்லாமல் போனது, அதற்குப் பின் ஸ்லாட் இருந்தாலும் பெரும்பாலும் இடையில் ஒரு பிரிட்ஜ் சிப் இருக்கும். அதனோடு பழைய டிரைவர் ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம், வாடிக்கையாளர் காசில் எனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். கைக்குக் கிடைக்கும் நல்ல வயது, ஜி41 சிப்செட் போர்டு. அதில் இருப்பது ஐசிஎச்7 (டிஸ்க், யுஎஸ்பி, ஸ்லாட் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சிப்), பிசிஐ நேரடியாக உண்டு, ஐடிஇ உண்டு, சாட்டாவும் உண்டு, எக்ஸ்பி டிரைவர் எல்லாம் கிடைக்கும். நம் ஊர் ஆபீஸ்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இந்த போர்டு அப்படி ஓடியது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஜி41 கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார், ஆனால் எடுத்துக் கொடுப்பார். மூன்று கடை ஏறி, ஸ்லாட் வரிசை பொருந்திய ஒன்றையும் உதிரிக்கு அதே மாடலில் இன்னொன்றையும் வாங்கினேன்.

செயலிக்கு வந்தால், தம்பி கோர் 2 டியோ போடச் சொன்னார். எனக்கும் ஆசைதான். பவர் சப்ளை லேபிள் வேறு சொன்னது. பென்டியம் 3 காலத்தில் செயலிக்கான மின்சாரம் 5 வோல்ட் பாதையிலிருந்து எடுக்கப்பட்டது. பென்டியம் 4-ஓடு அது 12 வோல்ட்டுக்கு மாறி, அதற்கென்று தனி நான்கு முள் கனெக்டர் வந்தது. இந்தப் பெட்டியின் சப்ளை பழைய காலத்தது: 5 வோல்ட்டில் தாராளம், 12 வோல்ட்டில் 7 ஆம்பியர்தான், அதிலும் ஃபேன்களும் மற்றவையும் சுமார் 2.5 சாப்பிடுகின்றன. கோர் 2 டியோ 65 வாட் வகை. ரெகுலேட்டர் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6.8 ஆம்பியர். ஆகாது. செலரான் 440 என்று 2 ஜிகாஹெர்ட்ஸ், ஒற்றைக் கோர், 35 வாட் ஒன்று உண்டு. இதே கணக்கில் 3.6 ஆம்பியர். கடையில் அதை யாரும் சீண்டுவதில்லை, எனக்கு அதுதான் தேவை.

பவர் சப்ளையையே மாற்றலாமே என்று கேட்கலாம். அக்விசிஷன் போர்டுக்குப் போகும் விசேஷ வோல்டேஜ்களும் அதே சப்ளையிலிருந்துதான் வருகின்றன, அதில் கை வைத்தால் அனலாக் நாய்ஸ் எப்படி மாறும் என்ற தனி ஆராய்ச்சி தொடங்கும். வேண்டாம். நான்கு முள் கனெக்டர் பழைய சப்ளையில் இல்லாததால் டிஸ்க்குக்குப் போன மஞ்சள், கறுப்பு வயர்களிலிருந்து ஒன்று செய்தேன். 20 முள் பெரிய கனெக்டர் 24 முள் சாக்கெட்டில் நான்கை வெளியே விட்டு உட்காரும். டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டி முழுச் சுமையில் ஓட்டினேன், செயலிக்கான பாதையில் 2.3 ஆம்பியர். நிம்மதி.

எக்ஸ்பி-யை அப்படியே புது போர்டுக்குக் கொண்டுபோனால் நீலத் திரை வரும், 7பி என்ற ஸ்டாப் எண், பூட் டிஸ்க்கைக் காணோம் என்று அர்த்தம். பழைய சிப்செட்டின் ஐடிஇ டிரைவரை மட்டுமே தெரிந்து வைத்திருப்பதால் வரும் தகராறு. பழைய போர்டு உயிரோடு இருந்தால் முன்கூட்டியே டிவைஸ் மேனேஜரில் அதைப் பொதுவான ஐடிஇ கன்ட்ரோலராக மாற்றிவிட்டு டிஸ்க்கைக் கழற்றலாம், வேலை முடிந்தது. எனக்கு அந்த வசதி போய்விட்டதால், படிமத்தின் ரெஜிஸ்ட்ரியை வேறு மெஷினில் திறந்து ஐசிஎச்7-இன் அடையாள எண்களைக் கையால் சேர்த்தேன். பயாஸில் சாட்டாவை ஐடிஇ மோடில் வைத்தேன், முதல் டிஸ்பிளே பிசிஐ என்று கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில் முன்பக்க எல்சிடி-யில் எக்ஸ்பி வந்தது. மூன்று நாளுக்குள் ஆக்டிவேட் செய் என்று கேட்டது, போர்டு மாறினால் அது கேட்பதுதான். பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த எண்ணை வைத்து அதை முடித்தோம். ஸ்கோப் லைசென்ஸ் அக்விசிஷன் போர்டின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டிருந்ததால் அது முனகவே இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்று சாயங்காலம், ஓடிக்கொண்டிருந்த அலை நின்றது. ட்ரிகர் விளக்கு எரிகிறது, மெனு வேலை செய்கிறது, அலை மட்டும் உறைந்து நிற்கிறது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடம், சில சமயம் அரை மணி நேரம் ஓடி, மறுபடி. நான் சந்தேகப்பட்டது கேபிளை. அதைக் கழற்றி, துடைத்து, மாட்டி ஒரு நாள் போனது. மறுநாள் தற்செயலாக ஒன்று கண்ணில் பட்டது, பென் டிரைவைச் செருகும்போது உடனே உறைகிறது. அப்புறம்தான் இன்டரப்ட் பட்டியலைத் திறந்தேன், எந்தக் கார்டு எந்த எண்ணில் செயலியைக் கூப்பிடுகிறது என்ற பட்டியல். இடைமுகக் கார்டும் யுஎஸ்பி கன்ட்ரோலரும் ஒரே 11-ஆம் எண்ணில்.

பிசிஐ-யில் இன்டரப்ட்டைப் பகிர்வது அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் டிரைவர் அதை மதித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். தன் பெட்டியில் வேறு யாரும் வரப்போவதில்லை என்று நினைத்து எழுதிய டிரைவர் இது, எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. கார்டை வேறு ஸ்லாட்டில் போட வழியில்லை. என்னைக் காப்பாற்றியது, இந்தப் பெட்டியின் எக்ஸ்பி 'ஸ்டாண்டர்டு பிசி' என்ற பழைய வகை ஹால்-இல் (வன்பொருளோடு விண்டோஸ் பேசும் அடுக்கு) நிறுவப்பட்டிருந்ததுதான். அதற்குப் பின் வந்த ஏசிபிஐ வகையாக இருந்தால் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு எல்லாரையும் ஒரே எண்ணில் குவிக்கும். ஸ்டாண்டர்டு பிசி, பயாஸ் சொன்னதைக் கேட்கும். பயாஸில் பேரலல் போர்ட், சீரியல் போர்ட், ஆடியோ எல்லாவற்றையும் அணைத்து எண்களைக் காலி செய்து, இடைமுகக் கார்டின் ஸ்லாட்டுக்கு 10-ஐத் தனியாக ஒதுக்கினேன். நான்கு நாள் தொடர்ந்து ஓடவிட்டோம், நடுநடுவே பென் டிரைவைக் குத்திக் குத்தி எடுத்தோம். நிற்கவில்லை. இன்னொன்று, இந்த ஹால் ஒரு கோருக்கு மேல் கண்டுகொள்ளவே செய்யாது, அதனால் கோர் 2 டியோ போட்டிருந்தாலும் பாதி சும்மாதான் இருந்திருக்கும். தம்பியிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் சமாதானமானார்.

கடைசியாக அளவு சரியா என்று பார்க்க வேண்டும், இதை விட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புது மதர்போர்டின் ரெகுலேட்டர் வேறு அதிர்வெண்ணில் சுவிட்ச் செய்கிறது, அது அனலாக் பகுதிக்குள் கசியலாம். முதல் தடவை கெபாசிட்டர் மாற்றியபோதே நான்கு சேனலையும் 50 ஓம் டெர்மினேஷனோடு, டிவிஷனுக்கு 5 மில்லிவோல்ட்டில் வைத்து நாய்ஸைக் குறித்து வைத்திருந்தேன். மாற்றிய பிறகு அதே நிலையில் அளந்தால் மூன்று சேனல் அப்படியே, மதர்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நான்காவது மட்டும் ஒரு நூல் கூடியது. நான் செய்த 12 வோல்ட் வயர்களை முறுக்கி அடைப்பின் மறுபக்கம் கொண்டுபோனதும் அதுவும் இறங்கியது. அரை மணி நேரம் சூடேற விட்டு செல்ஃப்-கால் ஓட்டினேன், பாஸ். வேகமான விளிம்பு பார்க்க 100 பிகோ விநாடியில் ஏறும் துடிப்பைத் தரும் பல்சர் கருவி ஒன்று என்னிடம் உண்டு. 1 ஜிகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பின் சொந்த எழுச்சி நேரம் 0.35-ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால் 350 பிகோ விநாடி, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 364 வர வேண்டும். நான்கு சேனலிலும் அதை ஒட்டியே வந்தது.

இப்போது ஆன் செய்ததிலிருந்து அலை வரும் வரை 50 விநாடி. பெரிய ரெக்கார்டில் எஃப்எஃப்டி போட்டால் முன்பு திரை யோசித்துக்கொண்டே நிற்கும், இப்போது பட்டென்று வருகிறது. சாதாரணமாக அலை ஓடும் வேகத்தில் நான் சொன்னபடியே வித்தியாசம் இல்லை. தம்பிக்கு உண்மையிலேயே சந்தோஷம் தந்தது யுஎஸ்பி. பழைய போர்டில் யுஎஸ்பி 1.1, விநாடிக்கு 12 மெகாபிட், இப்போது 2.0, 480 மெகாபிட். டீ குடிக்கப் போக நேரமில்லை என்கிறார். நெட்வொர்க்கில் மட்டும் மாட்டாதே என்று சொல்லிவிட்டு வந்தேன், எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்திவிட்டது, 2017-இல் வானாகிரை என்ற ரான்சம்வேர் வந்தபோது பழைய விண்டோஸ் மெஷின்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்.

ஒரு குறை தீரவில்லை. ஸ்டாண்டர்டு பிசி ஹால் என்பதால் ஷட் டவுன் கொடுத்தால் பெட்டி தானாக அணையாது, இப்போது கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்ற அந்தக் காலத்து வாசகத்தைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கும். பட்டனை நான்கு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹாலை மாற்றினால் இது சரியாகும், இன்டரப்ட் தகராறு திரும்பி வரும், அதனால் தொடவில்லை. போன வாரம் வேறு வேலையாக அங்கே போனபோது பார்த்தேன், பட்டனுக்கு மேலே செல்லோ டேப்பில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "நாலு வரைக்கும் எண்ணிட்டு கையை எடுங்க."